உன்னைத் தெரிந்தவர்கள் வெளியே

அன்புள்ள மகள் சிக்ரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம், அம்மாவின் முழங்காலும் என் வாயும் மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. அலாஸ்காக் குளிரில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. உன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் நான் மழையைப் பற்றிப் பேசினேன். கமிட்டி அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் உன்னைப் பற்றி உள்ளே யாரும் பேசவே இல்லை, நடந்ததெல்லாம் நடைபாதையில்தான், அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக் கமிட்டியில் நாங்கள் பதினொரு பேர், டாக்டர்கள், பேராசிரியர்கள், பொதுமக்கள் சார்பில் டிராக்டர் விற்கிற என்னைப் போல் சிலர். ஒருவர் கோப்பைப் படித்துச் சொல்வார், மற்றவர்கள் சாண்ட்விச் மென்றபடி ஓட்டுப் போடுவோம், கூட்டத்துக்குக் கூட்டம் இடங்கள் கரைந்துகொண்டே போகும். போன வியாழன் உன் பேர் வந்தது. தலைவி டாக்டர் க்ளைன் சிகாகோக்காரர், இந்தப் பெண்ணுக்கு வேண்டியவர்கள் வெளியே போகலாம் என்றார். நான் எழுந்தேன், அது நியாயம். பின்னாலேயே உன் மூக்கிலிருந்து பட்டாணி எடுத்த டாக்டர் ஹாக்கன்சன், உனக்குச் சிபாரிசு எழுதிய பேராசிரியை வோகல், பாதிரியார் ஆஸ்ட்பி, பள்ளி நடனத்துக்கு உன்னை அழைத்துப் போன பையனின் அப்பா, கடைசியில் மருந்துக்கடை லைல். உனக்கென்னய்யா சம்பந்தம் என்று கேட்டேன். “ஒரு தடவை அவ காரைப் பனியிலேருந்து இழுத்துவிட்டேன் ஆர்னி, அப்புறம் தெரியாதுன்னு எப்படி உக்கார்றது?” என்றான். இந்த ஊர் நேர்மையைப் பனியோடு சேர்த்து வாரிக் கொட்ட வேண்டும்.

டாக்டர் க்ளைன் கதவைத் திறந்து எங்களைப் பார்த்து, “குடும்பத்துக்காரங்க மட்டும்தான் போகணும், ஊரே எழுந்து வந்தா நான் யாரை வெச்சு ஓட்டு எடுக்கறது?” என்றார். விதிப்படி வெளியே போனவர் அதே விண்ணப்பத்துக்குத் திரும்ப உள்ளே வரக் கூடாதாம், ஓட்டெடுக்கப் பாதிப் பேருக்குக் குறையாமல் உட்கார வேண்டுமாம். பதினொன்றுக்கு ஆறு வேண்டும், உள்ளே இருந்ததோ ஐந்து. உன் கோப்பை மூடி ஒத்திவைத்தார்கள். அடுத்து வந்தவனை இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, கொடுத்துவைத்தவன், இடம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். இன்னும் அடுத்த மாதக் கூட்டம் ஒன்றுதான் பாக்கி, இடமும் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். உன் அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடியே, “பதினொண்ணு பத்தானா அஞ்சு போதுமே, நீங்க கழண்டுக்குங்க, அங்க சாப்பிடறதைத் தவிர என்ன செய்யறீங்க?” என்றாள். காலையில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். கார் நிறுத்த எனக்கென்று பேர் எழுதிய இடம் இருந்தது, அதுவும் போயிற்று. உன்னைத் தெரியாத ஐந்து பேர்தான் இனி உன்னைத் தீர்மானிப்பார்கள், நினைத்தால் எரிச்சலாக வருகிறது. அவர்கள் வேண்டாம் என்று சொன்னாலும், தெரியாதவர்கள் சொன்னது அது, மனதில் வைத்துக்கொள்ளாதே.

கடவுள் உன்னைக் கைவிட மாட்டார், அம்மாவின் முத்தங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, கூட்டம் முடியும்வரை இந்த ஊரில் ஒருவருக்கும் நன்றிக் கடிதமோ வாழ்த்து அட்டையோ போட்டுவிடாதே, வாங்கினவர் எழுந்து வெளியே வந்துவிடுவார்.

இப்போது வெறும் டிராக்டர்காரனான உன் அப்பா,
ஆர்னி