ரத்தாகவில்லை, தள்ளித்தான் வைத்தார்கள்

சாந்தோம், சென்னை-4
14.7.1995

அன்புள்ள என் கணவருக்கு,

நோரா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் ஜெசியும் சுகம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. மஸ்கட்டில் இந்த வெயிலில் உங்களுக்கு மதியமும் வெளி வேலைதானா? தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளுங்கள்.

தி. நகர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்ததை எழுதியிருந்தேன். முதல் மாதம் பட்ட அவமானத்தை எழுதவில்லை. லண்டன் வியாபாரி போனில் 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்றார். அவர் திரும்பி வருகிறாராம் என்று மேனேஜர் அனந்தராமன் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கார் எடுத்துக்கொண்டு மீனம்பாக்கம் போய் மூன்று மணி நேரம் நின்றார். 'பிறகு பேசுகிறேன்' என்பதுதான் அதற்கு அர்த்தமாம். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வீடு வந்தேன்.

அதன்பிறகு இங்கிலீஷை நான் விடவில்லை. இரண்டு சின்ன வார்த்தை சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு அர்த்தம் வருகிறது. தனித்தனியாகப் படித்தால் பிடிபடாது, முழு வாக்கியமாகத்தான் பழக வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்தால் 'ரன் அவுட்'. சொல்லாமல் உங்கள் அக்கா வந்து நின்றால் 'டர்ன் அப்'. கரண்ட் போனாலும் 'வென்ட் ஆஃப்', அலாரம் அடித்தாலும் 'வென்ட் ஆஃப்'. இது என்ன நியாயம் என்று ஜெசி கேட்கிறாள். சமையலறையில் நாங்கள் இருவரும் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து போன். லைனில் ஒரே இரைச்சல். அறுந்துவிடுமோ என்று நானும் ரிசீவரை வைக்காமல் இருந்தேன். உதவி மேனேஜர் பரத்வாஜ் பேசினார். பேசி முடித்ததும் வெளியே வந்து, ஆர்டர் ரத்து, தையல்காரர்களை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். நாற்பது பேர். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

என் காதில் விழுந்தது 'புட் ஆஃப்', 'கால் ஆஃப்' இல்லை. முதலாவது தள்ளிவைப்பது, இரண்டாவதுதான் ரத்து. எழுந்து போய் மேனேஜரிடம், ரத்தாகவில்லை சார், தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பியவர் சொல்கிறார் என்று பரத்வாஜ் சிரித்தார். நானே கேட்கட்டுமா சார் என்றேன். மேனேஜர் என் முகத்தையே பார்த்துவிட்டு, சரி, போடுங்கள் என்றார்.

நான்காவது முயற்சியில் லைன் கிடைத்தது. ஆர்டரைக் 'கால் ஆஃப்' செய்தீர்களா, 'புட் ஆஃப்' செய்தீர்களா என்று ஆங்கிலத்தில் நானே கேட்டேன். இன்னொரு ரிசீவரில் மேனேஜர். செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான், 'கேரி ஆன்', வேலையைத் தொடருங்கள் என்றார் வெள்ளைக்காரர். அதை மேனேஜருக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். புரிந்தது நோரா என்று அவர் எழுந்து நின்றுவிட்டார்.

கீழே போய் நானே சொன்னேன். நாற்பது மிஷினும் ஒரே நேரத்தில் ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டைலர் மாஸ்டர் அய்யாதுரை, "இன்னாமா, இந்நேரம் நாங்கல்லாம் பையத் தூக்கிக்கினு போயிருப்போமே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரத்வாஜும் மறுநாள் வந்து, தப்பாகக் கேட்டுவிட்டேன் மேடம் என்றார். முதல் தடவையாக மேடம்.

நேற்று என்னை நிரந்தரம் செய்து கடிதம் கொடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் போன் எல்லாம் இனி நான்தான் பேசவேண்டுமாம்.

அங்கே உங்கள் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். முடிவு உங்களுடையது. பேனாவை எடுக்கும்முன் இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். மாதா உங்களுக்கு நல்ல புத்தியும் சீக்கிரம் ஒரு விமானமும் கொடுக்கட்டும்.

உங்கள்
நோரா