குழாயில் கேட்ட இழுப்பு

என் அருமை அண்ணா,

நீ பாதியில் விட்டுப்போன தண்ணீர்க் குழாயை முடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வரவில்லை.

மலை ஊற்றிலிருந்து நம் தோட்டத்து லய வீடுகளுக்குக் குழாய் கொண்டுவந்த நீ, நடுவில் பாறையைச் சுற்றிப் போகாமல் மேலே ஏற்றி இறக்கியது ஏன்? மேட்டில் காற்று அடைபடும் என்று அப்போதே சொன்னேன். காற்றை வெளியேற்ற ஒரு வால்வு வாங்கி அலுமாரியில் வைத்தாய். அதைப் பொருத்துவதற்குள் மூச்சிழுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவன், வீடு திரும்பவில்லை.

அதன் பிறகு குழாய் உன்னைப் போலவே மூச்சு வாங்கியது. தண்ணீர் கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு நெஞ்சுக்குள் விசிலடிப்பது போல ஓர் ஓசை. அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு, நீ ஆவி பிடிக்க வெந்நீர் வைக்கப் போவாள். அது காற்றும்மா என்று எத்தனை தடவை சொல்வது? தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அடுப்பில் கேத்தல் கொதிக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை வாளியோடு நின்று என்னைச் சீண்டினாள். "ஒங்கண்ணன் பைப்பு வெத்தல போட்ட கெழவன் மாதிரி துப்புது. நீ கண்டியில போயி என்னத்தடா படிச்ச?"

கீழே ஓடைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்துவந்த அம்மா ஒரு நாள் சறுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. வால்வை மாட்டப்போகிறேன் என்றேன்.

"மாட்டுனா சத்தம் நின்னுருமா?"

"நின்னுரும்."

"அப்ப வேணாம் தம்பி. அது ஒண்ணுதான் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் நானும் வாசலைத் திரும்பிப் பார்ப்பேனே, அதன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு மலையேறினேன். வீங்கிய காலோடு அம்மாவும் பின்னால் வந்து பாறையில் உட்கார்ந்தாள். ஊற்று வாயை அடைத்து, மேட்டில் குழாயை வெட்டி வால்வைப் பொருத்தினேன். பிறகு தண்ணீரை விட்டு அதைத் திறந்தேன். காற்று வெளியேறியது. நீண்டு, மெலிந்து, விட்டுவிட்டு. கடைசியில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினேன். அம்மா குழாயில் காதை வைத்துப் பார்த்தாள்.

"இப்ப அவனுக்குச் சொகமாயிருச்சா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அண்ணா? "சொகமாயிருச்சும்மா" என்றேன்.

இப்போது லயத்தில் எல்லோருக்கும் தண்ணீர் சீராக வருகிறது. அம்மா வெந்நீர் வைப்பதில்லை. நான்தான் வேலைக்குக் கிளம்பும்போது குழாயடியில் சும்மா நிற்கிறேன்.

மேட்டில் காற்று மறுபடியும் சேரும். ஒவ்வொரு ஞாயிறும் ஏறிப்போய் நானே திறந்துவிடுகிறேன். அது முழுவதும் வெளியேறும்வரை அவசரப்படாமல் பக்கத்திலேயே இருப்பேன்.

உன் ஒரே தம்பி