வலது மூலையில் கண்மை

செவ்வாய், இரவு.

நாளை நான் வரைந்த இந்தப் படத்தை மதுரை ஓவியக் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும். வெள்ளைத் தாளின் இடது மேல்பக்கம் வெளிர்சாம்பல் சதுரம், வலப்பக்கம் மெல்லிய கோடு, அவ்வளவுதான். நான்கு மாதமாகப் படம் பார்வைக்குச் சதுரத்தின் பக்கமே சாய்ந்து கிடந்தது. அந்தக் கோட்டை அழித்து எங்கே மாற்றி வரைந்தும் நிமிரவில்லை.

இன்று சின்னமனூர் போய்த் திரும்பினால், வலது கீழ்மூலையில் கண்மைப் பொட்டு. என் மாமியார் வைத்திருக்கிறார்.

"பாக்க வந்தவுக எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாக. கண்ணு பட்டுரும்ல ஆத்தா."

கத்த வாயெடுத்தேன். அதற்குள் படத்தைப் பார்த்துவிட்டேன். நிமிர்ந்து நிற்கிறது. அந்தக் கறுப்பு வந்த பிறகுதான் சாம்பல் சாம்பலாகவே தெரிகிறது. நான்கு மாதம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அழிக்கவும் கை வரவில்லை. கையெழுத்துப் போட அந்த மூலையைத்தான் விட்டு வைத்திருந்தேன்.