மனுவேல் எடுத்துப் போன கத்தி

திரேஸ்புரத்தில் விடிகாலையில் சங்கு குளிக்கப் புறப்பட்ட மனுவேல், ஒரு வாரமாகப் பேசாத மனைவி அல்போன்சாவை எழுப்பாமல், அலுப்போடு சீட்டு எழுதினான்.

"அல்போன்சா, ஒந் தம்பியோட நான் சண்ட போட்ட அன்னைக்கு நீ அரிசிப் பானையில ஒளிச்ச கத்திய எடுத்திட்டேன். உறையோட அரைஞாண்ல கட்டி மேல வேட்டி சுத்தியிருக்கேன். தெருவுல யாருக்கும் தெரியாது. அவனக் குத்த இல்ல. செவ்வாக்கிழம தண்ணிக்குள்ள நைலான் வலை காலுல சுத்திட்டு. அறுக்கக் கத்தி இல்ல. வள்ளத்துல இருந்த மரியான் முங்கி வந்து உருவிவிட்டதால பொழச்சேன். நேத்து மீன்கொழம்பு சட்டியில இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு."

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினான்: "ஒந் தம்பி வந்தா இருக்கச் சொல்லு. நான் பேசுதேன்."

சாயங்காலம் அவன் கரையேறியபோது அல்போன்சா நின்றிருந்தாள். "செவ்வாக்கிழமயே சொல்லியிருக்கலாம்லா?" என்றவள், ஈர மணலில் குனிந்து அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள்.