மாவு சலிக்கிற சத்தம்

சொக்கா,

சொக்கலிங்கம் என்று முழுப் பெயரில் தொடங்கினால் பேங்கிலிருந்து வந்த கடிதம் என்று பிரிக்காமலே வைத்துவிடுவாய். அதனால் கூப்பிட்ட பெயரிலேயே கூப்பிடுகிறேன். ஒரு செய்தி இருக்கிறது. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

காரைக்குடியில், உன் வீட்டில், நாம் ரெக்கார்டு போட்டு ஜாஸ் இசை கேட்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிற்கவில்லை. உன் மனைவி மெய்யம்மை நிற்க விடவில்லை. ஜாஸ் என்றால் இன்றைக்கும் அவருக்கு 'பீப்பீ'தான். ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறந்துவைத்துக் காபி போட்டுவிடுகிறார். பஷீர் பாய் ரேடியோக் கடையைச் சாத்திவிட்டு வருகிறார். திருப்பத்தூரிலிருந்து ரோஸி டீச்சர் பஸ்ஸில் வருகிறார். அவரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவர். ட்ரம்பெட் என்றால் உயிர்.

நீ வைத்த வழக்கமும் அப்படியேதான். ரெக்கார்டு கொண்டுவருகிறவர் அதன் அட்டையைத் தலையணை உறைக்குள் மறைத்துவைக்க வேண்டும். முடியும்வரை யாரும் பேசக்கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் தான் கேட்டதை, கேட்டதை மட்டும், சொல்ல வேண்டும். "பேரைப் பாத்தா உடனே தலையாட்டிருவீக. அதான் ஒளிச்சு வைக்கிறேன்" என்பாய். நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு இதைவிட நல்ல விதி கிடைத்ததில்லை.

போன தடவை என் முறை. உன் அலமாரியிலிருந்து, கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது நீ வாங்கிய அந்த ரெக்கார்டை எடுத்தேன். பியானோ, கனத்த தந்தி வாத்தியமான பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர். டிரம்ஸ்காரர் குச்சியைத் தொடவே மாட்டார். கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

ஊசி இறங்கியது. பியானோ வந்தது. பேஸ் வந்தது. பிரஷ் வரவில்லை. பொறுத்துப் பார்த்தேன். பிறகு வழக்கத்தை மீறி நானே எழுந்து ஊசியைத் தூக்கினேன்.

"பாய், ஊசி மழுங்கிப்போச்சு."

"போன வாரம் போட்டதுண்ணே. அதுக்குள்ள எப்படி மழுங்கும்?"

"அப்ப ரெக்கார்டு தேஞ்சுபோச்சு. சொக்கன் போட்டுப் போட்டே தேச்சுட்டான்."

பாய் வேறு ஊசி மாட்டினார். நான் ரெக்கார்டைத் துடைத்தேன். மறுபடி போட்டோம். மறுபடியும் இல்லை. ரோஸி டீச்சர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் எடுக்க வந்த மெய்யம்மை நின்றார்.

"என்னத்தண்ணே தேடுறீக?"

"பிரஷ் சத்தம் ஆச்சி. அதைக் காணோம்."

"மாவு சலிக்கிற மாதிரி ஒண்ணு வருதே, அதா? வீடு பூரா கேக்குது! செத்தவுக மேல பழியைப் போடுறீகளே, நல்லாவா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காதைக் காட்ட மதுரைக்குத் தனியாகப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் திருகியைத் திருப்புவது தெரிந்தது. கை நகர்கிறது, எனக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி நகர்ந்தபோது, கேட்காமலே அழுத்திவிட்டேன். அந்தப் பெண் உள்ளே வந்து, கோபமே இல்லாமல், "சார், அங்குட்டுப் பாத்துத் திரும்பி உக்காருங்க" என்றாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பிறகு வெகுநேரம் பொத்தானை அழுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, திரும்ப வராது என்றார் டாக்டர். காதில் மாட்டும் கருவி பேச்சுக்கு உதவுமாம். பாட்டுக்கு? போட்டுப் பார்த்தால்தான் தெரியுமாம். இன்னும் குறையுமா என்று கேட்டேன். குறையலாம் என்றார்.

இப்போது வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். மிக்ஸி கேட்கிறது. பேத்தி எதிரே நடந்துவந்தால் கொலுசு கேட்கிறது. அவள் என் முதுகுக்குப் பின்னால் நடந்தால் இல்லை. அப்படியானால் இத்தனை நாளாகக் கொலுசைக் கேட்டது காதா, கண்ணா?

அடுத்து எது போகும்? பியானோவின் வலதுகைப் பக்கமா? ரோஸி டீச்சரின் ட்ரம்பெட்டா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, சொக்கா. உன் ரெக்கார்டு எனக்கு மனப்பாடம். பிரஷ் எங்கே நிற்கும், எங்கே திரும்ப வரும் என்று தூக்கத்திலும் சொல்வேன். கேட்காமலே கேட்டதாகச் சொல்லிக்கொண்டு இன்னும் பல வருடம் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. எனக்கே ஒருநாள் தெரியாமல் போய்விடும்.

மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் "ஒண்ணுமில்லடா" என்றாயே. அப்போது நீயும் இப்படிப் பயந்துகொண்டுதான் இருந்தாயா? நான் ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை?

வருகிற ஞாயிறு, இந்தக் கடிதம் பத்திரிகையில் அச்சுக்குப் போகுமுன், அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிடுவேன். பிறகு அதே ரெக்கார்டைப் போடுவோம். என் முறை வரும்போது, பியானோ கேட்டது, பேஸ் கேட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். வட்டத்தில் மெய்யம்மைக்கும் ஒரு நாற்காலி போடுவேன். இத்தனை வருடம் டம்ளர் எடுக்க மட்டுமே உள்ளே வந்தவர். மிச்சத்தை அவர் சொல்லட்டும்.

பயப்பட மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். இது வாக்கு.

உன் மனைவி அண்ணன் என்று கூப்பிடுவதால்
உனக்கு மச்சானாகிவிட்ட,
முத்துராமன்