அண்ணிக்குத் தொற்றிய மொழி

பிப்ரவரி 9

மின் அலுவலகத்தில் பதினொரு இடம். இன்று எழுத்துத் தேர்வு. வரிசை வாசலைத் தாண்டி, மதிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வந்துவிட்டது. எனக்கு நாலு ஆள் தள்ளி, கல்லூரியில் எனக்கு மோட்டார் பாடம் எடுத்த சார். முதலில் செல்போனைப் பார்ப்பதுபோல நின்றார். பிறகு அவராகவே பக்கத்தில் வந்தார்.

“உன் பேப்பரை நான் திருத்தினேன். இன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் யாரோ திருத்தப் போறாங்க.”

சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவருக்கே இந்தக் கதி என்றால் நான் எம்மாத்திரம்? பட்டம் வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 11

அண்ணி தையல் ஆலையிலிருந்து வரும்போது ஒரு தாளை நாலாக மடித்து எடுத்துவந்தாள். அங்கே அவளுக்குச் சட்டைக் காலர் தைக்கிற வேலை. பக்கத்து மெஷின்காரி கொடுத்தாளாம். வெளிநாட்டில் ஒரு பஸ் பணிமனைக்கு, மின்சார பஸ்களைப் பழுது பார்க்க ஆள் தேவை. என் படிப்பு பொருந்துகிறது. ஆனால் அந்த நாட்டு மொழியில் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

“எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது அண்ணி.”

“பொறக்கும்போது தமிழ் பேசிக்கிட்டா பொறந்தே? வகுப்புல போய்ச் சேரு, இன்ஜினியரம்மா.”

அண்ணன் டெலிவரி வேனை நிறுத்திவிட்டு வந்து, தாளை இரண்டு தடவை படித்தான். “நல்லாத்தான் இருக்கு” என்றான். அவனுக்கு அதுவே நீளமான பேச்சு.

பிப்ரவரி 13

அம்மா இரண்டு நாளாக அந்தத் தாள் கிடக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு வீட்டைக் கூட்டுகிறாள். திட்டினால்கூடத் தேவலை.

மார்ச் 26

மொழி வகுப்பில் ஐம்பத்திரண்டு பேர். நர்சுகள், தச்சர்கள், கணக்குப் படித்தவர்கள், ஒரு பல் டாக்டர்கூட. ஊரே மூட்டை கட்டுகிற மாதிரி இருக்கிறது.

தினமும் சாயங்காலம் அண்ணி காய் நறுக்கிக்கொண்டே பாடப் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்கிறாள். அவளுக்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைய கேள்வி: ‘உங்கள் மாமனாருக்கு எந்தப் பல் வலிக்கிறது?’ அர்த்தம் சொன்னதும் அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“பஸ் ரிப்பேருக்கும் மாமனார் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 8

தேறவில்லை. காதால் கேட்டு எழுதுகிற பகுதியில் இரண்டு மார்க் குறைந்துவிட்டது. ரெண்டே ரெண்டு. அந்த ஸ்பீக்கர் கரகரன்னு— இல்ல, அதுமேல பழியைப் போட்டு என்ன ஆகப்போகுது? எனக்கு வரல. எதுவுமே வரல. இருபத்தேழு வயசாச்சு, இன்னும் எத்தனை நாள் அண்ணன் அண்ணி தோள்மேல உக்காந்திருக்கறது?

விஷயத்தைச் சொன்னபோது அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

ஜூன் 9

காலையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். அம்மா வந்து என் கையிலிருந்து நாரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இனிமே இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போய் அந்தப் பாழாப்போன மொழியைப் படி.”

என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னாள். நான் போகக் கூடாது என்று மனசார நினைக்கிறவள், நான் போவதற்காகப் பாத்திரம் தேய்க்கிறாள். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? படித்தேன். வேறு என்ன செய்ய.

செப்டம்பர் 14

தேறிவிட்டேன்.

அண்ணி ஷிஃப்டில் இருந்தாள். ஆலை வாசல் காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். அவர் என்னத்தைச் சொன்னாரோ, வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று செருப்பில்லாமல் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.

நவம்பர் 17

நாளைக்குப் பயணம். அம்மா பெட்டியை மூன்று தடவை பிரித்து அடுக்கிவிட்டாள்.

“அங்க உன்னை யாரு எழுப்புவா?”

“அலாரம் இருக்கும்மா.”

“அது திட்டாதே.”

டிசம்பர் 5

பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில், குழிக்குள் நின்று வேலை. குளிரில் விரல் என் விரலாகவே இல்லை. முதல் வாரம் முழுக்க, புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டினேன்.

இன்று ஒரு பஸ்ஸில் சார்ஜ் ஏறவில்லை. மூன்று பேர் பேட்டரியைக் கழற்றலாம் என்றார்கள். எனக்கென்னவோ இணைப்பு முனைமேல்தான் சந்தேகம். திறந்து பார்த்தால் உள்ளே ஈரம். துடைத்து, காயவைத்து, புது ரப்பர் போட்டதும் ஏறியது. மேற்பார்வையாளர் படிவத்தை நீட்டி, என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். வண்டி கேட்டைத் தாண்டித் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். அதில் ஏறப்போகிறவர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. இருந்தாலும்.

ஜனவரி 21

அண்ணியின் ஆலையில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அண்ணியையும்.

இங்கே பஸ் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “மொழி தெரியுமா?” என்றார். அந்தக் கவலையோடு அண்ணிக்கு போன் செய்தால், அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்கிறாள், போன மாதமே தேர்வு எழுதிவிட்டாளாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னைவிட ஒன்பது மார்க் அதிகம்.

“உன்னைக் கேள்வி கேட்டுக் கேட்டே எனக்கும் தொத்திக்கிச்சுடி. நீ போனப்புறமும் புத்தகத்தை மூட மனசு வரல, அந்த எழுத்தையும் கத்துக்கிட்டேன்.”

பிப்ரவரி 3

இரண்டு கட்டில் போட்ட அறைக்கு மாறிவிட்டேன். ஜன்னல் ஓரத்துக் கட்டில் அண்ணிக்கு. அவள் வந்ததும் பின்னாலேயே அண்ணனை வரவழைக்க வேண்டும், அப்புறம் அம்மாவை.

பிப்ரவரி 24

அண்ணி வரவில்லை.

மொழி வகுப்பில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுக்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டுவிட்டாள்.

“என்ன அண்ணி, நான் அறையெல்லாம் பார்த்து— இங்க எல்லாரும் சேர்ந்து இருக்கலாமே?”

“எனக்கு இங்கயே வேலை கெடைச்சிருக்குடி. இந்த ஊர்ல யாருக்கு அப்படிக் கெடைக்குது, சொல்லு.”

“பாதிச் சம்பளம்கூட வராதே.”

“வராதுதான். ஆனா கரும்பலகை முன்னால நின்னேன் பாரு, காலர் தைக்கறப்போ ஒருநாளும் அப்படி இருந்ததில்ல.”

போனை வைத்துவிட்டு அழுதேன். கோபம்தான்.

பிப்ரவரி 25

காலர் தைத்த பத்து வருஷத்தில், அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நாங்கள் யாராவது கேட்டோமா? நான் கேட்டதில்லை. நேற்றுகூடக் கேட்கவில்லை. அறை பார்த்ததைத்தான் சொன்னேன்.

அவள் எனக்குச் செய்ததற்கெல்லாம் பதில் செய்துவிடலாம் என்று அவசரப்பட்டிருக்கிறேன். இருக்கட்டும். பட்ட கடன் பட்டபடியே இருக்கட்டும்.

அக்டோபர் 12

அண்ணியின் வகுப்பில் படித்த நர்ஸ் பெண் இன்று வந்து சேர்ந்தாள். இங்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் தூங்குகிறாள், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சாப்பிடும்போது கேட்டாள், “அக்கா, நீங்க எப்போ திரும்பிப் போவீங்க?” இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்றேன்.

அண்ணிக்கு போன் செய்தேன்.

“வந்துட்டாளா? சாப்பிட்டாளா?”

“ரெண்டு தடவை.”

“அது போதும். சரி, வகுப்புக்கு நேரமாச்சு, வைக்கிறேன்.”

ஆனால் போனை அணைக்க மறந்துவிட்டாள். நாற்காலிகள் நகருகிற சத்தம். அப்புறம் இங்கத்து மொழியில் அண்ணி காலை வணக்கம் சொன்னாள். நாற்பது ஐம்பது குரல்கள் சேர்ந்தாற்போலத் திருப்பிச் சொல்லின.