அயுத்தயாவில் தூக்கிய யானை

என்னங்க,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நேற்று பள்ளிக்கு விடுமுறை. என்னோடு பாடம் நடத்தும் மாலி, இந்த நாட்டின் பழைய தலைநகரான அயுத்தயாவின் புத்தர் கோயில்களைக் காட்டக் கூட்டிப்போனாள்.

ஒரு கோயிலில் சின்னப் பித்தளை யானை இருந்தது. வேண்டிக்கொண்டு ஒற்றை விரலால் தூக்க வேண்டும். தூக்க முடியாவிட்டால் வேண்டியது பலிக்குமாம். எனக்கு யானை பூப்போல எழும்பி வந்துவிட்டது. மாலியின் முகம் வாடிப்போனது.

"ஏளா, விடு. எங்க தூத்துக்குடியில கேக்க வேண்டியத ஆளுகிட்டயே கேப்போம்" என்று தமிழிலேயே சொல்லிச் சிரித்தேன். அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

இன்னும் இரண்டு வருஷம் இங்கே வேலை பார்க்கச் சம்மதித்துவிட்டேன். இங்குள்ள துறைமுகத்திலும் நீங்கள் ஓட்டுவது போன்ற கிரேன்கள் உண்டு, விசாரித்துவிட்டேன். வீடும் இருவருக்குத் தாராளம்.

வாரீயளா?

உங்கள்
டீச்சரம்மா